பரமேஸ்வரி சொன்னதில் நான் விட்டது

1

போன சனிக்கிழமை இங்கே நோர்வேயில், பேர்கனில் தமிழர்கள் கூடும் மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கண்டிப் பக்கம் மருத்துவ முகாமுக்குப் போய்வந்து ஒரு வருடம் ஆகிறதே, அதைப் பற்றி இருபது நிமிடம் சொல்லுங்கள் என்றார்கள். படங்கள் காட்டினேன். வத்தேகமவுக்கு மேலே தேயிலை மலை, முகாம் நடந்த மண்டபத்தின் தகரக் கூரை, வரிசையில் நிற்கும் பெண்கள், அவர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும், எங்களோடு நோர்வேயிலிருந்து வந்த டொக்டர் இங்ரிட். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு வடையும் தேநீரும். ஒரு பெரியவர் கிட்ட வந்து, "பிறந்த மண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டீர், தங்கச்சி" என்றார்.

திரும்பி வரும்போது காரை ஓட்டியவள் என் மகள் நிலானி. அவளும் முகாமுக்கு என்னோடு வந்திருந்தாள். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் அதைச் சொல்லவே தேவையில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டாள்.

"பரமேஸ்வரி அன்ரியைப் பற்றி ஏனம்மா ஒண்டும் சொல்லேல்ல?"

"நேரம் காணேல்ல பிள்ளை."

அது பொய் என்று அவளுக்கும் தெரியும். விளக்கு பச்சையானது.

மண்டபத்தில் விட்டதை இங்கே எழுதுகிறேன். அந்த மலைப்பக்கம் இருக்கிற நீங்கள் வாசிப்பதுதான் சரி. நான் செய்த பிழை உங்களில் ஒருவருக்குச் செய்தது.

2

நான் கண்டி நகரத்து மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள். இருபத்து மூன்று வயதில் கல்யாணம் முடித்து நோர்வே வந்தேன். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லமொன்றில் தாதி. அந்த வேலைக்கு வந்து சேர்ந்த கதையே ஒரு புத்தகத்துக்குக் காணும். கண்டியில் படித்த சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் வேறோர் எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கடிதம், அந்தக் கடிதம் உண்மை என்பதற்கு முத்திரை, முத்திரைக்கு மொழிபெயர்ப்பு. எல்லாம் முடிந்து வகுப்பில் போய் உட்கார்ந்தபோது நிலானி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனதும் இரவு தாதியின் குறிப்பை வாசிப்போம், மூன்றரைக்கு நாங்கள் எழுதிவிட்டு வருவோம். என் குறிப்புகள் சுருக்கமாக இருப்பதாக மேற்பார்வையாளர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பாராட்டுவார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டில் நாங்கள் பேசுவது கணவரின் தமிழ். எப்போது என் வாயில் "ஓம்" வந்தது, எப்போது "வாறன்" வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வளர்ந்த பேச்சு அம்மாவோடு தொலைபேசியில் மட்டும் இருந்தது. அம்மா போன பிறகு அதுவும் நின்றது. நிலானிக்கு வாய்த்தது தகப்பனின் தமிழிலும் பாதிதான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு நான் தமிழில் கேட்டால் அவள் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். நான் கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். முகாமுக்கு வருகிறாயா என்று கேட்டபோது உடனே சரி என்றாள். மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவளுக்கு அது உதவும் என்பதற்காகத்தான் என்று நான் நினைத்தேன்.

3

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் மருந்துப் பெட்டிகளோடு ஒரு பகல் போயிற்று. அனுமதிக் கடிதத்தில் பன்னிரண்டு பெட்டி, கையில் பதின்மூன்று. பாரம் கூடியதால் கடைசி நேரத்தில் ஒன்றை இரண்டாக்கிக் கட்டியது நாங்கள்தான். அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"கண்டியில் பிறந்தவரா? அப்படியானால் விசா எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார். நானும் சிரித்தேன். மாலையில் பதின்மூன்றையும் விட்டுவிட்டார்.

அந்தச் சிரிப்பை, நானும் இந்த ஊர்க்காரிதான் என்ற நினைப்பை, நான் வத்தேகம வரை சுமந்துகொண்டு போனேன் என்று நினைக்கிறேன். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. நிலானியைக் கணக்கில் எடுக்கவில்லை. இங்ரிட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. வேனில் போகும்போதே மலையைக் காட்டி, இந்தச் சனங்கள் எப்படிப்பட்டவர்கள், எதற்கு வெட்கப்படுவார்கள், எதை மறைப்பார்கள் என்று அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டு வந்தேன்.

முகாமின் இரண்டாம் நாள் காலை பரமேஸ்வரி வந்தார். நாற்பத்தெட்டு வயது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். நிலானி இரத்த அழுத்தம் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தாள். பரமேஸ்வரி கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ, என்ன செய்யுது?" என்றேன்.

"நீங்க யாழ்ப்பாணமாங்க மிஸ்?"

"இல்ல. மஹய்யாவ."

"மஹய்யாவ ஆளா இப்படிப் பேசுறீங்க!" என்று சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "நெஞ்செல்லாம் கரிக்குதுங்க மிஸ். நாலஞ்சு நாளா. மலை ஏறுனா கரிச்சிக்கிட்டு வரும், ஒக்காந்தா அடங்கிரும். கை இங்கன பாரமா இருக்கு. பொறவு பல்லு வலி மாதிரி இது வரைக்கும் ஏறுது. கூடை தூக்குறதாலனு நெனச்சேன். ஆனா ரெண்டு நாளா கூடை இல்லாமலும் வருதுங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

நான் இங்ரிட் பக்கம் திரும்பினேன். "நெஞ்செரிவு. நான்கைந்து நாளாக. சாப்பாடு இறங்கவில்லையாம்."

"வேறு எங்காவது வலி இருக்கிறதா?" என்று இங்ரிட் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் பரமேஸ்வரியிடம் கேட்கவேயில்லை. நானே பதில் சொன்னேன். "கொழுந்து பறிப்பவர்கள். எல்லோருக்கும் கைவலி இருக்கும்."

வெளியே வாசல் தாண்டியும் வரிசை நின்றது. காலையிலிருந்து கரிக்குது, எரியுது, வாய்வு என்று வந்தவர்கள் எத்தனையோ பேர். இங்ரிட் வயிற்று மாத்திரை எழுதினார்.

"டொக்டரம்மா என்ன சொல்றாங்க மிஸ்?"

"வாய்வுதான். பயப்பட ஒண்டும் இல்ல."

பயப்பட ஒன்றும் இல்லை என்று இங்ரிட் சொல்லவில்லை. அதை நானே சேர்த்தேன்.

4

மதியம் மண்டபத்தின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். நிலானி சாப்பிடாமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலமை வந்த அந்தச் சிரிச்ச அன்ரி. அவ தன்ட தாடையைத் தொட்டுக் காட்டினவ. கையையும் பிடிச்சவ. நீங்க இங்ரிட்டிட்ட அதச் சொல்லேல்ல."

"அது கூடை தூக்கிற கை. உனக்கு அவ கதைச்சது விளங்கினதா?"

"இல்ல. விளங்காதபடியாத்தான் கையைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"தமிழ் விளங்காட்டிப் பேசாம இரு."

அவள் பார்சலை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் தனியாக இருந்து சாப்பிட்டேன். நாலு வாய்க்குமேல் போகவில்லை.

அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குச் சிங்களம் வேலைக்கு வேண்டிய அளவுதான். எனக்குத் தெருவில் விளையாடியே நன்றாக வந்துவிட்டது. பதினொரு வயதில் அவரை மருந்தெடுக்கக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். டொக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா தொடங்குவார். எந்தக் கிழமை, எந்தத் தெருவில், எதைத் தூக்கும்போது, அப்போது பக்கத்தில் யார் நின்றது என்று வரிசையாக. பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். "ககுல ரிதெனவா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன். கால் வலிக்கிறது, அவ்வளவுதான். டொக்டர் என் கன்னத்தில் தட்டிக் கெட்டிக்காரி என்பார். அப்பாவுக்கும் அதில் சந்தோஷம். அவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடம் வேலை செய்த தாதிக்கு, ஏறினால் வந்து உட்கார்ந்தால் அடங்கும் வலி, கைக்கும் தாடைக்கும் பரவும் வலி எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோர்வேயில் ஒரு கிழவி சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவசர மணியை அடித்திருப்பேன். இங்கே நான் தாதியாக உட்காரவில்லை. எல்லாம் தெரிந்த ஊர்க்காரியாக உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவாமலே எழுந்து இங்ரிட்டிடம் போனேன். பரமேஸ்வரி சொன்னது அத்தனையையும், ஏறுவது, அடங்குவது, கை, பல், கூடை இல்லாமலும் வருவது, ஒன்று விடாமல் சொன்னேன். இங்ரிட் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்போது அவர் எங்கே?"

5

வரிசையில் நின்ற ஒரு பெண்தான் சொன்னார். "பரமேசு அக்காவா? மருந்து வாங்கிட்டு பத்தாம் நம்பர் மலைக்குப் போயிருச்சே. அரை நாள் பேராவது போட்டு அரைச் சம்பளம் வாங்கலாம்னு."

நிலானியைத் தேடினேன். தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். "நீ சொன்னது சரி, வா" என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் எனக்கு முன்னால் ஓடினாள்.

குறுக்குப் பாதை செங்குத்து. எனக்கு மூச்சு வாங்கியது. இந்த ஏற்றத்தைத்தான் அந்த மனுஷி நாலைந்து நாளாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார் என்பது ஒவ்வோர் அடியிலும் உறைத்தது. மேலே நிலானி கையை அசைத்துக் கூப்பிட்டாள்.

இரண்டு நிரைத் தேயிலைக்கு நடுவே பரமேஸ்வரி உட்கார்ந்திருந்தார். கூடை பக்கத்தில் சரிந்து கிடந்தது. முகம் சாம்பல் நிறமாகி, வேர்வை கழுத்தில் இறங்கியது.

"மாத்திரை போட்டேன் மிஸ்" என்றார் என்னைப் பார்த்து. "இன்னும் கேக்கல."

மலையில் நின்ற பெண்கள் கூடிவிட்டார்கள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து விரித்தார்கள். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து அவரை அதில் கிடத்தி இறக்கினார்கள். எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் பின்னால் வெறும் கையோடு வந்தேன். நிலானி அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் இங்ரிட் ஓர் அஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். இதயத்தைப் பார்க்கும் சின்ன இயந்திரத்தின் வயர்களைப் பொருத்தினார். வெளியே வந்த தாளை ஒருமுறைதான் பார்த்தார். பிறகு வேனைக் காட்டினார்.

வத்தேகம டவுனைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் ஊர்ந்து, கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுக்கப் பரமேஸ்வரி நிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை எல்லாம் சிங்களத்தில் கேட்டார்கள். அட்டையில் பரமேஸ்வரி, கிளினிக் கொப்பியில் பரமேஸ். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொன்னேன். எழுதியவர் தலையாட்டிவிட்டு உடனே உள்ளே அனுப்பினார். மாரடைப்பு என்றார்கள். அங்கே எல்லாம் வேகமாக நடந்தது. பொழுது சாய்வதற்குள் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது இங்ரிட் என்னைத் திட்டவில்லை. "வேறு வலி இருக்கிறதா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு" என்று மட்டும் சொன்னார்.

6

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். பரமேஸ்வரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோடம்பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

"ஒக்காருங்க மிஸ்."

"ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு நீங்க சொன்னத நான் முழுசா டொக்டரிட்ட சொல்லேல்ல. சொல்லல. பாதியத்தான் சொன்னேன்."

"தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"நான் அவ்வளவு நேரம் பேசுனேன், நீங்க ரெண்டு பேச்சுல முடிச்சிட்டீங்க. சரி, அவங்க பாஷை சின்ன பாஷை போல, கொஞ்சத்துலயே எல்லாம் அடங்கிரும் போலனு நெனச்சிக்கிட்டேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

"இனிமே யாருக்கும் அப்படிச் செஞ்சிராதீங்க மிஸ். நான் தப்பிச்சிட்டேன். எல்லாரும் தப்புவாங்கனு இல்ல."

அப்போது வாட்டு டொக்டர் வந்தார். இளைஞர், தமிழ் தெரியாது, என்னை உறவுக்காரி என்று நினைத்துச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். இதயத்தின் ஒரு பகுதி கெட்டுவிட்டது. இனி மலை ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. வலி தொடங்கிய அன்றே வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். கடைசி நாளிலாவது சில மணி நேரம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று சொன்னால் போதும் என்று ஒரு நொடி தோன்றியது. வாய் அதற்குத் தயாராகவே இருந்தது.

"இனிமே மலை ஏறக் கூடாதாம். கூடை தூக்கக் கூடாதாம். கொஞ்ச நாளைக்கில்ல, எப்பவுமே" என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். "சில மணி நேரம் முந்தி வந்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காதாம். அந்த நேரம் என்னாலதான் போச்சு."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"அவர நிக்கச் சொல்லுங்க மிஸ். நான் பேசணும்."

"பொட்டக் இன்ன டொக்டர்" என்றேன். கொஞ்சம் பொறுங்கள். அவர் நின்றார்.

"என் பேரு தோட்டத்துச் செக்ரோல்ல இருக்கறதாலதான் தோட்டம் குடுத்த அந்த லயத்து வீடு. புருஷன் இல்ல. மக திகனயில ஒரு கடையில வேல செய்யுது. என் பேர வெட்டிட்டா நாங்க எங்க போறது? மலை வேணாம். ஒக்காந்து செய்யுற வேல, புள்ள பாக்குற வேல, எது குடுத்தாலும் செய்வேன். வேலையே செய்ய முடியாதுனு எழுதிறாதீங்க. எதெது செய்யலாம்னு எழுதுங்க. அப்பத்தான் ஆபீஸ்ல குடுக்கலாம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்குத் தெரியாத சிங்களச் சொல்லுக்குக் கையைக் காலைக் காட்டினேன். செக்ரோல் என்றால் என்ன, வீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று டொக்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பரமேஸ்வரியிடம் கேட்டேன், அது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு, அதில் பெயர் இருந்தால்தான் வீடு என்று அவர் சொன்னார், நான் சொன்னேன். டொக்டர் அடுத்த கட்டிலில் வைத்த கோப்பினை எடுத்துவந்து அங்கேயே நின்று கடிதம் எழுதினார். செய்யக் கூடாதவை இரண்டு வரி, செய்யக் கூடியவை ஆறு வரி.

7

தோட்டத்து ஆபீசில் கடிதத்தை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. பரமேஸ்வரி நாலு தடவை நடந்தார். அவர் சார்பில் நான் பேசவா என்று கேட்டேன். வேண்டாம், இது எனக்குப் பேசத் தெரிந்த இடம் என்றார். ஐந்தாம் தடவை வேலை மாற்றிக் கொடுத்தார்கள்.

நோர்வே திரும்பிய பிறகு நான் இரண்டு தடவைதான் அவரை அழைத்தேன். மன்னிப்புக் கேட்கும் குரலோடு எவ்வளவு நேரம் பேசுவது? நிலானிதான் விடாமல் அழைக்கிறாள். எப்போது தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அறைக்கதவைத் தாண்டிப் போகும்போது தமிழ் கேட்டது. தகப்பனின் "ஓம்" இருந்தது, இடையே "வாங்க"வும் "போங்க"வும் இருந்தன. அவள் கோழிக்குஞ்சு எண்ணுவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

போன புதன்கிழமை காலை அவளுக்கு வகுப்பு இல்லை, எனக்கு மாலை வேலை. குசினியில் இருந்தேன். கையில் தொலைபேசியோடு ஓடி வந்தாள்.

"அம்மா, 'பிள்ளைக்காம்பரா' எண்டா என்ன? அன்ரி இப்ப அங்கதான் வேல செய்யிறாவாம்."

சொல்ல வாயெடுத்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

"அவவிட்டயே கேள்" என்றேன்.

நிலானி ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டாள். அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகள் அழுதன, ஒன்று சிரித்தது. "அதுவாம்மா" என்று பரமேஸ்வரி சொல்லத் தொடங்கினார். எத்தனை தொட்டில், யாருடைய பிள்ளை எதில் தூங்கும், எது பால் குடிக்காமல் அடம் பிடிக்கும், காலையில் எந்தத் தாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலைக்குப் போவாள் என்று ஒவ்வொன்றாக. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.